ஆரி கவுடர்: பழைய தாள்கள் தேவை

உபதலை எச்.பி. ஆரி கவுடர் (1893–1971) வாழ்க்கைக் குறிப்பைத் தொகுக்கிறோம். நீலகிரியின் படகர் சமூகத்தில் முதல் பட்டதாரி, சட்டமன்ற உறுப்பினர், 1933 அங்கேரி ஜம்போரிக்கு (உலக சாரணர் பெருங்கூட்டம்) சென்ற இந்திய சாரணர் குழுவின் தலைவர். விவசாயிகளுக்காக நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை (என்சிஎம்எஸ்) அவர் வளர்த்த விதமே நமக்கு முக்கியம்.

குன்னூர், கோத்தகிரி உறவுகளே, தேர்தல் துண்டறிக்கை, சங்க ஆண்டறிக்கை, கடிதம் எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், எழுத்து வெளுத்துவிடும். தேதி, பக்க எண் தெரிய முழுத்தாளையும் எடுங்கள். ஓரம் வெட்டிய படத்தில் ஆண்டு போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை: 1937 வரை சென்னை மாகாணத்தில் சட்ட கவுன்சில் ஒன்றே அவை, அதன்பின் 1986 வரை அதுவே மேலவை. அதனால் 'எம்எல்சி' (கவுன்சில் உறுப்பினர்) என்று மட்டும் எழுதாமல் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் அவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க யாராவது போக முடியுமா?