‘முந்துறு ஆய்வு’: போர் விமானக் கட்டமைப்புப் பராமரிப்புக்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

போர் விமானத்தின் உடற்கட்டமைப்பைப் பழுது வெளிப்படுமுன்னரே பார்த்துப் பேணும் முறைக்குத் ‘தடுப்புப் பராமரிப்பு’ என்ற சொல்லே போதும் என நண்பர் எழுதியிருந்தார். எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவதற்கு அது பொருந்தும். இறக்கைக்குள் வளரும் விரிசலுக்குப் பொருந்தாது.

1969 டிசம்பர் 22 அன்று நெவாடாவின் நெல்லிஸ் விமானப்படைத் தளப் பகுதியில் அமெரிக்க எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இடது இறக்கை பறக்கும்போதே முறிந்து, விமானிகள் இருவரும் இறந்தனர். அவ்விமானம் அதுவரை பறந்தது சுமார் 100 மணி நேரமே. இறக்கையைத் தாங்கும் எஃகுப் பாகத்தில் உற்பத்தியின்போதே ஏற்பட்ட குறை எவர் கண்ணிலும் படவில்லை. அதன்பின் அவ்வகை விமானங்களைச் சுமார் −40 பாகைக் குளிரில் வைத்து, இறக்கைகளின்மேல் சுமையேற்றிச் சோதித்தார்கள். கடுங்குளிரில் எஃகு எளிதில் முறியுமாதலால், ஆபத்தான குறை இருந்தால் தரையிலேயே தெரிந்துவிடும். புதிய விமானத்திலும் விரிசல் இருப்பதாகவே கொண்டு கணக்கிட வேண்டும் என்று 1974இல் அமெரிக்க விமானப்படை விதித்தது. கண்டறியத்தக்க விரிசல் முறிவு வரை வளர எத்தனை பறப்பு மணி ஆகுமோ, அதில் பாதி கழிவதற்குள் ஆய்வு நடந்தாக வேண்டும் என்பது அதன் வழக்கமான கணக்கு. ஆக, இங்கே விரிசல் தடுக்கப்படுவதில்லை, முந்தப்படுகிறது. ‘வருமுன் காப்பு’ம் இதனாலேயே சரிவராது, விரிசல் வந்துவிட்டது என்பதிலிருந்துதானே கணக்கே தொடங்குகிறது!

‘முனைப்பான பராமரிப்பு’ பணியாளரின் ஊக்கத்தைச் சொல்கிறது, விரிசலின் காலக்கணக்கைச் சொல்லவில்லை. ‘முன்னாய்வு’ என்றாலோ தொடக்கநிலை ஆய்வு என்றே பலரும் கொள்வர்.

ஆகவே ‘முந்துறு ஆய்வு’ என முன்மொழிகிறேன். முந்துறுதல் நம்மிடம் பழைய சொல். உடைந்தபின் சரிசெய்வதைப் ‘பிந்துறு பராமரிப்பு’ என அதற்கு இணையாகவே சொல்ல முடிவது, இச்சொல் வேரூன்றும் என்ற நம்பிக்கையை எனக்குத் தருகிறது.

ஊடுருவு சாய ஆய்வை எண்ணிப் பாருங்கள். சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்தபின் வெண்பொடியைத் தெளித்தால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விரிசல் மயிரிழைபோல் சிவந்து மேலே வரும். அந்தக் கணத்தில் நாம் முறிவை முந்திவிட்டோம்.

‘ஆய்வு’ ஆராய்ச்சியையும் குறிக்குமே என்று தயங்குவோர் ‘சோதனை’ என மாற்றச் சொல்லலாம். ஆனால் மேலே கண்ட குளிர்ச் சோதனைபோலச் சுமையேற்றிப் பார்ப்பதற்கு அச்சொல் நமக்குத் தனியே தேவைப்படுகிறது.