ஹக்கா சுய் பான் நடுவில் குழியவில்லை, உதவுங்கள்

வணக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் காலைச் சந்தைக்குப் போனால் சுய் பான் வாங்காமல் திரும்ப மாட்டேன். சின்னப் பீங்கான் கிண்ணத்தில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, மேலே உப்பில் ஊறிய முள்ளங்கி, வறுத்த பூண்டு, காய்ந்த இறால் போட்டுத் தருவார்களே, அதுதான். ஹக்கா என்ற சீனச் சமூகத்தின் மொழியில் ‘சுய்’ என்றால் தண்ணீர், ‘பான்’ என்றால் அரிசிப் பலகாரம்.

வீட்டில் மூன்று முறை செய்துவிட்டேன். கடையில் நடுவே அழகாகக் குழிந்திருக்கும், எனக்கோ இட்லி மாதிரி உப்பி நிற்கிறது. மாவை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அப்புறம் கொதிநீர் ஊற்றிக் கிண்டுகிறேன். கொதிநீர் போதவில்லையா? கிண்ணத்தை முன்பே ஆவியில் சூடாக்க வேண்டுமா? தீ எவ்வளவு? பழைய பச்சரிசியை அரைத்தால்தான் வருமா, கடை மாவு போதுமா?

செய்து பழகியவர்கள் அளவோடு சொல்லுங்கள். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும், இப்போது அவரால் சந்தைக்கு நடக்க முடியவில்லை.