ரைபிள் விளக்கின் ரிமோட் சுவிட்ச்: இருட்டில் உங்களுக்கு நேர்ந்தவை

பைன்காட்டான் (கிழக்கு டெக்சஸ்)

குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சோளக்கொல்லையில் பன்றிக்கூட்டம் இறங்கியிருந்தது, காற்று எங்கள் பக்கமாக வீசியது, ஏஆர்-15 ரைபிள் முக்காலியில் இருந்தது. மற்றவை உங்களுக்குத் தெரிந்தவையே. ஹேண்ட்கார்டின் (குழலைச் சுற்றிய முன்பிடி) மேற்புறத்தில் கட்டியிருந்த பிரஷர் பேடை, அதாவது வயர் வழியாக விளக்கை இயக்கும் ரிமோட் சுவிட்சை, இடது கட்டைவிரலால் அழுத்தினேன், வெளிச்சம் விழுந்தது. குறிவைத்த பன்றிக்கு நேர் பின்னால் நண்பரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததால், சுடாமல் விரலை எடுத்தேன். வெளிச்சம் அணையவில்லை.

விரல் பேடின் மீது இல்லை, கை முழுவதையும் விலக்கிவிட்டேன், ஆனாலும் ஆயிரம் லூமென் வெளிச்சம் கொல்லை முழுவதும் கொட்டிக்கொண்டே இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிழட்டுப் பன்றி ஒன்று மண்ணிலிருந்து மூக்கை எடுத்து, நேராக விளக்கைப் பார்த்து, ஓடலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல நின்ற அந்தச் சில நொடிகள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. டெயில்கேப்பை (விளக்கின் பின்மூடி) திருகிக் கழற்றிய பிறகுதான் விளக்கு அணைந்தது; அதற்குள் கொல்லை காலியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சோதித்தபோது சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. டேப் சுவிட்ச் என்றும் சொல்லப்படும் இந்தப் பேடுக்குள் இருப்பவை இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகளே. அழுத்தினால் சேர வேண்டும், விட்டால் பிரிய வேண்டும். அன்று அவை ஏன் பிரியவில்லை? உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

நரிவிரட்டி (விக்டோரியா, ஆஸ்திரேலியா)

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்திய 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய போல்ட் ரைபிள்கள்தாம் என்பதால், விளக்கு டெலஸ்கோப்பின் மேல் அமர்ந்திருக்கும். அங்கிருந்து சுருள் வயர் ஒன்று முன்கட்டைக்கு வந்து, வெல்க்ரோவால் ஒட்டிய சுவிட்சில் முடியும்.

ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவத்தில் ஒரு நரி நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சிவப்புக் கண்ணாடி மாட்டிய வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின, சுட்டேன், தப்பியது, அடுத்த தோட்டாவுக்காக போல்ட்டை இழுத்தேன். போல்ட்டின் கைப்பிடி சுருள் வயருக்குள் நுழைந்து, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது, செருகி கழன்றது, அவ்வளவுதான், இருட்டு. இத்தனைக்கும் வயரை விளக்குடன் வந்த படத்தில் காட்டியபடியே போட்டிருந்தேன். நரி எந்தப் பக்கம் போயிற்று என்று காதால் தேடிக்கொண்டு, தோட்டா ஏறிய துப்பாக்கியுடன் அசையாமல் நின்றது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பைன்காட்டான் ஐயா, உங்கள் விளக்கு அணைய மறுத்ததால் பன்றிகள் போயின. எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு அதைவிட மோசமானது என்பது என் எண்ணம்.

இரவுப்பயிற்சி (அரிசோனா)

எது மோசம் என்பதில் நான் நரிவிரட்டியுடன் உடன்படவில்லை. இரவு நேரத் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு ஒன்றில், மரத்தடுப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராக மறைந்து நகர வேண்டும், கட்டளை வரும்வரை யாரும் விளக்கைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. எனக்கு இரண்டு இடம் தள்ளி இருந்தவர் துப்பாக்கியைத் தடுப்பின் விளிம்பில் சாய்த்தார். பேட் இருந்த பக்கம் மரத்தில் அழுந்தியது. வரிசையில் இருந்த அத்தனை பேருடைய முகமும் பளிச்சென்று தெரிந்தது. அவர் சற்று நகர்ந்தார், அணைந்தது. மறுபடி சாய்ந்தார், மறுபடி எரிந்தது. எரிவது தம்முடைய விளக்குதான் என்பதே அவருக்குச் சற்று நேரம் தெரியவில்லை என்பதுதான் அதில் வேடிக்கை. பயிற்சியாளர் கத்தவில்லை, “யாருடைய பிறந்தநாள்?” என்று மட்டும் கேட்டார்.

ஆகவே நான் ரிமோட் சுவிட்சையே கழற்றிவிட்டேன். விளக்கைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் பொருத்தி, டெயில்கேப்பையே அழுத்தினால் போதும். வயரும் இல்லை, பேடும் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ரிமோட் என்பது ராணுவத்தில் லேசரையும் விளக்கையும் ஒருசேர இயக்க வேண்டியவர்களுக்கு உரியது. நமக்கு அது பெரும்பாலும் அலங்காரம்.

ஆட்டுப்பட்டி (டெக்சஸ் மலைநாடு)

அலங்காரம் என்று சொல்லிவிட்டீர்கள், தம்பி. உங்கள் கை நீளம் எவ்வளவு?

எங்கள் வீட்டு ரைபிளில் விளக்கு, என் கணவரின் கைக்கு ஏற்றபடி, ஹேண்ட்கார்டின் நுனியில் இருந்தது. அவர் கையை முழுவதும் நீட்டிப் பிடிப்பவர். நான் குள்ளம், இடது கைப் பழக்கமும் உண்டு. ஆட்டுப்பட்டிக்குள் கொயோட்டி (ஓநாய் போன்ற சிறு விலங்கு) புகுந்த இரவில் அவர் ஊரில் இல்லை. விளக்கை எரிய வைக்க வேண்டுமானால் கையை நுனிவரை நீட்ட வேண்டும். நீட்டினால் துப்பாக்கியின் பின்கட்டை தோளிலிருந்து நழுவுகிறது. தோளில் வைத்தால் விளக்கு எட்டவில்லை. பட்டிக்குள் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்டு கதறுவது கேட்கிறது, நான் இருட்டில் டெயில்கேப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் சமையலறையிலிருந்த கை விளக்கை எடுத்து வந்து அடித்ததும் அது வேலி தாண்டி ஓடிவிட்டது. ஒரு குட்டியின் கழுத்தில் பல் பதிந்திருந்தது, பிழைத்துக்கொண்டது.

மறுவாரமே 7 அங்குல வயர் கொண்ட பேடை வாங்கி, ஹேண்ட்கார்டின் உச்சியில், என் கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில் பொருத்தச் சொன்னேன். உச்சியில் இருந்தால் அவருடைய இடது கைக்கும் என்னுடைய வலது கைக்கும் ஒன்றுபோலவே எட்டுகிறது. பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் எங்களில் ஒருவருக்குத்தான் அது பயன்பட்டிருக்கும். தடுப்பில் சாய்த்தால் எரிந்த பேடும் பக்கவாட்டில்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒயர்மேன் (ஜார்ஜியா)

என் அனுபவம் சிறியது. பயணத்தில் துப்பாக்கிப் பையைத் திறந்தபோது பொசுங்கல் வாடை வந்தது. பேட் பைக்குள் அழுந்தி, விளக்கு வழி நெடுக எரிந்து, உள்துணியில் கருத்த வட்டம் ஒன்றைப் போட்டிருந்தது. பையை வீசிவிட்டேன். ஆனால் மேலே எழுதியவர்களுடைய சிக்கல்கள் எல்லாமே வயரிங் சிக்கல்கள் என்பதால், தொழில்முறையில் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில், எதைத் தொடுவதற்கு முன்பும் மேகசினைக் கழற்றி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பைன்காட்டான் பேடை ஜிப் டையால் (பிளாஸ்டிக் இறுக்குப் பட்டை) கட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். டை பேடின் நடுவில், அழுத்தம் உணரும் பகுதியின் மேல் இறுகினால், அது விரலின் வேலையில் பாதியை ஏற்கெனவே செய்து வைத்துவிடும். பிறகு சற்றே அழுத்தினாலும் பட்டைகள் சேர்ந்தே கிடக்கும். டையை இரு முனைகளில் மட்டும், அதுவும் அசையாத அளவுக்கு மட்டும் போடுங்கள், அல்லது சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி மாட்டுங்கள். உருண்டையான பரப்பில் பேடை வளைத்து ஒட்டினாலும் இதே கதைதான். துணைப் பொருள்களை மாட்டுவதற்காகத் துப்பாக்கியில் உள்ள பிக்காட்டினி ரெயிலிலோ எம்-லாக் துளைகளிலோ நேராக உட்காரும் உறைகள் இதற்கென்றே விற்கின்றன. ஒட்டும் முன்பு பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். எண்ணெய் தடவிய துப்பாக்கியில் எந்தப் பசையும் நிற்காது.

வயர் பெரும்பாலும் அறுவது டெயில்கேப்பிலிருந்து வெளியே வரும் இடத்தில்தான். அங்கே விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சிறு வளைவு விட்டு, அதற்குப் பிறகு முதல் கட்டைப் போடுங்கள். நரிவிரட்டியின் வயரும் போல்ட் இல்லாத பக்கமாக, குழலில் படாதபடி போக வேண்டும், ஏனென்றால் சூடேறிய குழல் வயரின் மேலுறையை உருக்கிவிடும். செருகி வகையாக இருந்தால் அதன் ரப்பர் வளையத்தில் துளி சிலிகோன் கிரீஸ் தடவினால் பனி புகாது. சிஆர்123ஏ பேட்டரிகளில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். கண்ணாடியில் படியும் புகைக்கரியைப் பிறகு எளிதாகத் துடைக்க, சுடுவதற்கு முன்பே மெல்லிய வாசலின் பூச்சைத் தடவி வையுங்கள். பையில் வைக்கும்போது டெயில்கேப்பைத் தொடர்பு விடும்வரை தளர்த்திவிடுங்கள். டெயில்கேப்பில் பொத்தானும் வயர்த்துளையும் இரண்டும் இருக்கும் வகையை வாங்கினால், வயர் போனாலும் விளக்கு போகாது. ரிமோட்டா டெயில்கேப்பா என்று மேலே நடக்கும் சண்டைக்கும் தேவை இராது.

வேலியோரம் (மத்திய டெக்சஸ்)

எல்லோரும் விளக்குக்குப் பின்னால் நின்றவர்கள். நான் முன்னால் நின்றவன்.

என் பசு ஒன்று வேலியைத் தாண்டிப் போயிருந்தது. பக்கத்து நிலத்தில் பன்றி வேட்டைக்கு ஆள்கள் வந்திருப்பது எனக்குத் தெரியாது. டெக்சஸில் மான் வேட்டை சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். பன்றிக்கு அந்த வரையறை இல்லை, 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதல் இருந்தால் வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை என்பதால், யார் எந்த இரவில் வருவார்கள் என்று அண்டை நிலத்துக்காரனுக்குத் தெரிய வழியில்லை. புதருக்கு அப்பால் சரசரப்பு கேட்டதும் பசு என்று எண்ணிக் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். என் நெஞ்சில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது, அணைந்தது, மறுபடி விழுந்தது. சத்தமே இல்லை. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது, அந்த வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே குழலும் நோக்கியிருக்கிறது என்பதும் புரிந்தது. கைகளை உயர்த்தினேன், “மனிதன், மனிதன்” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். துப்பாக்கியைப் பிடித்திருந்தவர் பிறகு நெடுநேரம் மன்னிப்புக் கேட்டார், நல்ல இளைஞர்தான். என் முழங்கால் நடுக்கம் நிற்கவில்லை.

பேட் எங்கே ஒட்டுவது, டை எப்படிக் கட்டுவது என்று இத்தனை பேசுகிறீர்கள். அது என்ன, அது யார் என்று பார்ப்பதற்குத் தனிக் கை விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அழுத்தியது சுவிட்சை என்பதால்தான் நான் இதை எழுதுகிறேன்.

இரவுப்பயிற்சி (அரிசோனா)

ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் 2010இல் டெக்சஸின் பிளேனோ நகரில் நடந்தது நினைவுக்கு வந்தது. போலீஸ் அதிகாரி ஒருவர் கைத்துப்பாக்கி விளக்கை எரிய வைக்கவே அழுத்தினேன் என்றார். சுவிட்ச் டிரிக்கர் கார்டுக்கு (சுடும் விசையைச் சுற்றிய வளையம்) கீழே இருந்தது, தோட்டா பாய்ந்தது, ஆயுதமற்ற ஒருவர் இறந்தார். சுடும் கைக்கே விளக்கின் வேலையையும் கொடுத்தால் பதற்றத்தில் விரல்கள் ஒன்றாக இறுகிவிடும். ரைபிளில் சுவிட்ச் தாங்கும் கையில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. அந்த அளவில் ரிமோட் பேடுக்கு ஆதரவாக நானே பேச வேண்டியிருக்கிறது, ஆட்டுப்பட்டி அக்காவிடம் தோற்றதாகவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழல் நோக்கும் திசை பற்றி நீங்கள் சொன்னதற்கு எந்தச் சுவிட்சும் பதில் ஆகாது. தரையில் அடித்துச் சிதறும் வெளிச்சத்திலேயே ஆளை அடையாளம் காணலாம் என்று வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். சுவர்கள் சூழ்ந்த உள்ளறைக்கு அது பொருந்தும், திறந்த வயலுக்குப் போதாது.

நரிவிரட்டி (விக்டோரியா, ஆஸ்திரேலியா)

எங்கள் பக்கம் இருவராகப் போவதுதான் வழக்கம்: ஒருவர் கை விளக்கால் தேடுவார், மற்றவர் சுடுவார், துப்பாக்கி விளக்கு கடைசி நொடிக்கு மட்டும். தனியாகப் போகும் இரவில்தான் ரிமோட் தேவைப்படுகிறது, தனியாகப் போகும் இரவில்தான் அது காலை வாரியது.

பைன்காட்டான் (கிழக்கு டெக்சஸ்)

ஒயர்மேன் சொன்னதில் பாதி எனக்குத் தெரிந்தது, கேட்காதது. ஆனால் டை விஷயம் சரி. நடுவில் போட்டிருந்த டையை வெட்டிவிட்டு, ஈரமும் குளிரும்தான் காரணமோ என்று பேடின் மேல் தண்ணீர் தெளித்து, ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொள்ளவில்லை. அதே இடத்தில் புது டையை இறுக்கிப் போட்டதும், மூன்றாவது அழுத்தலில் விளக்கு எரிந்தபடியே நின்றுவிட்டது. சைக்கிள் டியூப் வாங்கப் போகிறேன். வேலியோரம் ஐயா, அடுத்த முறை அந்தக் கொல்லைக்குப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு முன்னதாகவே தொலைபேசியில் சொல்லிவிடச் சொல்லி நண்பரிடம் கூறியிருக்கிறேன்.