வீட்டை ஒழுங்குபடுத்தி விற்றவர்கள் சொல்லுங்கள்: அந்தச் செலவு வரியில் கழிந்ததா?

வடவள்ளி

அப்பா 1998-இல் கட்டிய வீடு, உயிலில் எனக்கு வந்தது. அம்மா திருப்பூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதால் பூட்டியே கிடந்தது. 2025-26 நிதியாண்டில் கிரயம் செய்து கொடுத்துவிட்டோம். விற்கிற வீட்டைச் சாமான் போட்டு அலங்கரித்துக் காட்டுவதை அமெரிக்காவிலும் பெரிய ஊர்களிலும் ஸ்டேஜிங் என்கிறார்களே, அதை எங்கள் அளவுக்கு நாங்களும் செய்து பார்த்தோம். அதில் நடந்ததையும், அப்புறம் ஆடிட்டர் மேஜையில் நடந்ததையும் சொல்கிறேன். இதே வேலை செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

காலி வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு அறை சின்னதாகத் தெரிகிறது. கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்ற சந்தேகம் அவர்களுக்குத் தீருவதே இல்லை. அதனால் ஹாலுக்கு ஒரு சோபா, படுக்கையறைக்குக் கட்டில், நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை மூன்றையும் மாத வாடகைக்கு எடுத்துப் போட்டோம். உள்ளே முழுக்க வெளிர் நிறத்தில் பெயின்ட் அடித்தோம். தோட்டத்துப் புதரை வெட்டி, வாசல் விளக்கை மாற்றி, போட்டோகிராபரை வரவழைத்துப் படம் எடுத்து விளம்பரம் கொடுத்தோம்.

எல்லாவற்றிலும் சிரமமான வேலை சுவரில் இருந்த படங்களைக் கழற்றியதுதான். மாலை போட்ட அப்பா படத்தை எடுக்க அம்மாவுக்கு மனசே வரவில்லை. வாங்க வருகிறவர்கள் அதைத் தங்கள் வீடாக நினைத்துப் பார்க்கணும் என்று தங்கைதான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். அந்தப் படம் இப்போது திருப்பூர் வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது.

இனி வரி, அதாவது வீடு விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி. ஆடிட்டர் பில்களை மூன்று கட்டாகப் பிரித்தார். முதல் கட்டு, விற்பனைக்காகவே முழுமையாகச் செய்த செலவு: புரோக்கர் கமிஷன், விளம்பரம், படம் எடுத்த கூலி, வக்கீல் பீஸ். 1961 வருமான வரிச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இதை விற்ற தொகையிலிருந்து கழிக்க விடுகிறது. இரண்டாவது, வீட்டோடு நிலைத்து நிற்கும் மேம்பாடு. புதிய அறை கட்டுவது, மாடி எடுப்பது, பழைய தரையைப் பெயர்த்து கிரானைட் போடுவது மாதிரி. இது மேம்பாட்டுச் செலவாகக் கழியும். மூன்றாவது, வெறும் மராமத்து. இது கழியாது. ஒழுகும் குழாயை மாற்றியது, புதர் வெட்டியது இதில் போனது.

பெயின்ட் பில்லை வைத்துத்தான் நெடுநேரம் பேச்சு ஓடியது. "இது மராமத்துதானுங்க, மேம்பாடு ஆகாது" என்றார் அவர். விற்பதற்காக மட்டுமே அடித்தது, நாங்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லையே என்றேன். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். விற்பனைக்குக் கொடுத்த பிறகு அடித்தது என்று தேதியோடு காட்ட முடிந்தால் முதல் கட்டில் சேர்த்து வாதாடலாம், ஆனால் அதிகாரி ஏற்கவில்லை என்றால் வரியும் வட்டியும் நம் தலையில்தான் என்றார். பெயின்டை விட்டுவிட்டோம். வாடகைச் சாமான் பில்லில் வீட்டு முகவரியும், விளம்பரம் ஓடிய அதே மாதங்களும் தெளிவாக இருந்ததால் அதை முதல் கட்டில் சேர்த்தார். சட்டத்தில் ஸ்டேஜிங் என்று தனியாக ஒரு வார்த்தை கிடையாது. எந்தச் செலவும் 'இந்த விற்பனைக்காகவே' என்று நிரூபிக்கிற காகிதத்தால்தான் நிற்கிறது.

ஈரோடு, ஆடிட்டர் ஆபீஸ் வேலை

வடவள்ளி அண்ணா சொன்ன மூன்று கட்டு சரியான பிரிப்பு. எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு மிச்சமாகும் என்பதைத்தான். ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், யாருடைய சொந்தக் கணக்கும் இல்லை.

2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய நிலம், வீட்டை இங்கே வசிக்கும் தனிநபர் விற்றால் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். பணவீக்கக் குறியீடு (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அடக்க விலையைக் கூட்டிக்கொள்ளும் எண்) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டோடு 20 சதவீதம். 2001-க்கு முந்தைய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். அது அன்றைய பத்திரப்பதிவு மதிப்பைத் தாண்டக் கூடாது. 2025-26 குறியீடு 376, 2001-02க்கு 100.

2001 மதிப்பு 10 லட்சம், விற்ற விலை 85 லட்சம், கமிஷன் 85,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.5 சதவீத வழியில் வரி 9,26,875. குறியீட்டு வழியில் அடக்கம் 37.6 லட்சமாகி வரி 9,31,000. முதல் வழியே குறைவு. இப்போது விளம்பரம், படம், வாடகைச் சாமான் என்று இன்னொரு 75,000 கழிக்க முடிந்தால் முதல் வழியில் 9,17,500, இரண்டாவதில் 9,16,000. கணக்கு புரண்டுவிட்டது, பாருங்கள்! 20 சதவீத வழிதான் இப்போது லாபம். இதற்கு மேல் 4 சதவீத செஸ் தனி. பழைய வீட்டுக்காரர்கள் எல்லாச் செலவையும் சேர்த்த பிறகுதான் எந்த வழி என்று முடிவு செய்யணும். முன்பே 12.5 என்று மனதில் பூட்டிவிட வேண்டாம்.

ஆனால் இன்னொன்றும் பாருங்கள். 75,000 செலவுக்கு வரியில் மிச்சம் 10,875 தான். மீதி 64,000 சொச்சம் விலையிலோ, சீக்கிரம் விற்றதிலோ வந்தால்தான் உண்டு. வரி மிச்சமாகும் என்று சொல்லி யாராவது உங்களைப் பெரிய செலவுக்கு இழுத்தால் போகாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025 வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரவணம்பட்டி

எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரியில் மிச்சம் இல்லை. காரணம் எளிது. பழைய வீட்டை விற்ற லாபம் முழுவதையும் புது வீட்டில் போட்டுவிட்டோம். 54ஆம் பிரிவுப்படி விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால் அந்த லாபத்துக்கு வரி இல்லை. உச்சவரம்பு 10 கோடி, நமக்கெல்லாம் அது பேச்சே இல்லை. வரியே இல்லாத இடத்தில் செலவைக் கழித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பில்களை வைத்திருக்கிறோம். புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்க நேர்ந்தால் இந்தச் சலுகை திரும்பி வந்து கடிக்கும் என்று ஆடிட்டர் சொன்னார்.

செலவு செய்ததில் எது வேலை செய்தது என்று கேட்டால் சோபா இல்லை. கோயம்புத்தூரில் வீடு பார்க்க வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சிறுவாணித் தண்ணியா, பில்லூரா, போரா" என்றுதான் கேட்கிறார். மேல் தொட்டியைக் கழுவி, குழாயைத் திறந்து காட்டினோம். தண்ணீர் வரி ரசீது, சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு மேஜை மேல் வைத்தோம். ஆடி, மார்கழியில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் வாடகைச் சாமான்களைத் தை பிறந்த பிறகே இறக்கினோம்.

பொள்ளாச்சி

எங்களுடையது அப்பாரு (தாத்தா) காலத்துத் தொட்டிக்கட்டு வீடு, நடுவில் முற்றம் வைத்தது. புதிதாக எதுவும் வாங்கிப் போடவில்லை. ஆசாரத்தில் (கூடத்தில்) இருந்த ஊஞ்சலைத் துடைத்து எண்ணெய் போட்டோம், பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கி வரிசையாக வைத்தோம். வாங்க வந்தவருக்கு ஊஞ்சல் மேல்தான் கண். சாமானோடு சேர்த்துக் கேட்டார்.

இங்கேதான் கவனம் வேணும். நாம் புழங்கிய கட்டில், ஊஞ்சல், பாத்திரம் எல்லாம் சொந்த உபயோகப் பொருட்கள், அவற்றை விற்பதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம் மாதிரியானவை மட்டும் இந்தச் சலுகையில் சேராது, அவற்றுக்கு வரி உண்டு. அதனால் சாமானுக்குத் தனி அக்ரிமென்ட், தனி விலை போடுவதில் தப்பில்லை. ஆனால் வந்தவரோ வீட்டு விலையில் பெரிய பங்கை எடுத்துச் சாமான் கணக்கில் எழுதச் சொன்னார். நம் மாநிலத்தில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் இருப்பதால் அவருக்கு அதில் ஆதாயம். எங்கள் மாமா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார், அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். அரசின் வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டணும். ஊஞ்சலுக்கு ஊஞ்சல் விலை, வீட்டுக்கு வீட்டு விலை என்று எழுதினோம். அவரும் கடைசியில் சம்மதித்தார்.

திருப்பூர், சின்ன பில்டர்

நாங்கள் மாதிரி வீடு ஒன்றை முழுக்க அலங்கரித்து வைப்போம். எங்களுக்கு வீடுகள் சரக்கு மாதிரி, அதனால் கணக்கே வேறு. அலங்காரச் செலவு தொழில் செலவில் போகிறது. அடுத்த கட்டடத்துக்கும் எடுத்துப் போகும் மேஜை நாற்காலிகளை மட்டும் சொத்தாக எழுதி வருடம் 10 சதவீதம் தேய்மானம் போடுகிறோம். ஒரே ஒரு வீட்டை விற்கிற குடும்பத்துக்கு இந்த வழி பொருந்தாது.

கோபி

எங்கள் மகள் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வீடு விற்றாள். அங்கே வாடகைச் சாமான் போட்டு, படம் எடுத்து, குடும்பப் படங்களை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவார்களாம். அந்தச் செலவை விற்பனைச் செலவாகக் கழித்துக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்த சொந்த வீடு என்றால் தனியாளுக்கு 2,50,000 டாலர், கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு வரியே இல்லை. அவர்கள் லாபம் அதற்குள் அடங்கிவிட்டதால் ஸ்டேஜிங் பில் கணக்கில் பயன்படவில்லை. சரவணம்பட்டிக்காரர் கதைதான் அங்கேயும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இங்கே உள்ள வீட்டை விற்றால் அவர்களுக்குக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற வழி கிடையாது. வாங்குகிறவரும் கொடுக்கிற தொகையில் வரியாக வழக்கமான 1 சதவீதம் பிடித்தால் போதாது, அவர்களுக்கான முழு விகிதத்தில் பிடிக்கணும். அதுவும் சில சமயம் லாபத்தின் மேல் இல்லாமல் மொத்தத் தொகையின் மேலேயே பிடித்துவிடுகிறார்கள். குறைவாகப் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு வரித்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பில்களை அந்த விண்ணப்பத்துக்கு முன்பே சேர்த்து வையுங்கள்.

வடவள்ளி

எல்லோருக்கும் நன்றிங்க. ஈரோட்டுத் தம்பி கணக்கைப் பார்த்துவிட்டு எங்களுடையதையும் இரண்டு வழியிலும் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். ரிட்டர்ன் இன்னும் தாக்கல் செய்யவில்லை.

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்: வீடு அண்ணன் தம்பி இருவர் பெயரில், பில் எல்லாம் அண்ணன் பெயரில் மட்டும், என்ன செய்வது என்று. எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன். இனி வரும் பில்களை இருவர் பெயரிலும் போடச் சொன்னார். ஏற்கெனவே வாங்கியவற்றுக்குத் தம்பி தன் பங்கை அண்ணன் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, எதற்கு என்று குறிப்பும் எழுதிவிட்டால் அவரவர் பங்கு அளவுக்குக் காட்டலாமாம். பணமாகக் கையில் கொடுத்தால் பின்னால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்றார்.