பசையைத் தேடும் முன் பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் பிரிட்ஜுக்கு 16 வயது. கம்ப்ரசர் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. கதவின் கீழ்த்தட்டுதான், அதாவது தண்ணீர் பாட்டில் வைக்கும் தட்டு, மூலையில் விரிசல் விட்டுவிட்டது. அந்த மாடலுக்கு உதிரி பாகம் இப்போது வருவதில்லை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக்குக்காக ஓடுகிற பிரிட்ஜைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் சூப்பர் க்ளூதான். மூன்று முறை ஒட்டினேன். ஒட்டிய அன்று கல் மாதிரி இருக்கும். பத்து நாள் கழித்துக் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் அதே கோட்டில் ‘டக்’கென்று விட்டுவிடும். காய்ந்த சூப்பர் க்ளூ கெட்டியானதுதான், ஆனால் வளைந்து கொடுக்காது. தட்டோ ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் பாட்டில் கனத்தில் துளி வளைகிறது.

மூன்றாவது முறை கழற்றியபோதுதான் தட்டின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. பொடி எழுத்தில் ‘ஏபிஎஸ்’ என்று அச்சாகியிருந்தது. ஏபிஎஸ் ஒரு வகைப் பிளாஸ்டிக். நெயில் பாலிஷ் ரிமூவர் சிலவற்றில் இருக்கிற அசிட்டோன் என்ற திரவத்தில் அது கரையும். சரி, ஒட்டுவானேன், கரைத்தே ஒன்றாக்கிவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய கீபோர்டு ஒன்றின் மூடியிலும் அதே எழுத்து இருந்தது. அதைச் சுரண்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி, மூடி ஓர் இரவு விட்டேன். காலையில் தேன் பதத்துக்கு வந்திருந்தது. (நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாவற்றிலும் அசிட்டோன் இருக்காது, பார்த்து வாங்குங்கள்.) பழைய பசையை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தெடுத்தேன். விரிசல் முடிகிற புள்ளியில் 2 மில்லிமீட்டர் துளை போட்டேன். கூரான முனையில்தான் இழுவிசை குவிந்து விரிசலை மேலும் கிழிக்கும், வட்டமான துளையில் அது பரவிவிடும். இந்த ஒரு வேலையை யாரும் விடாதீர்கள்.

அப்புறம் விரிசலின் இரண்டு ஓரத்திலும் பிரஷ்ஷால் அசிட்டோன் தடவினேன். ஒரு நிமிடத்துக்குள் பிளாஸ்டிக் பளபளத்து, விரல் வைத்தால் பாகு மாதிரி இழை இழுத்தது. அந்த நேரத்தில் சேர்த்து அழுத்தி, கரைசலை மெல்லிய பூச்சாக நான்கு முறை தடவினேன். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் உள்ளே குமிழ் தங்கிவிடும். பின்பக்கம் அதே கீபோர்டு மூடியிலிருந்து ஒரு பட்டையை வெட்டி ஒட்டுக் கொடுத்தேன். வாசனை முழுதும் போகிற வரை, இரண்டு நாள், தொடவில்லை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

ஒன்றரை வருஷமாகத் தட்டு அப்படியே நிற்கிறது.

அந்தத் தைரியத்தில் வாஷிங் மெஷினின் பின்மூடிக்கும் இதையே தடவினேன். மறுநாள் கரைசல் பால் ஏடு மாதிரி உரிந்து வந்தது. அது பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக், அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது, சாதாரணப் பசையும் பிடிக்காது. எழுத்து தெரியாத பாகமாக இருந்தால் ஒரு சின்னச் சீவலைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். அந்த மூடியைச் சோல்டரிங் அயர்னால்தான் சரிசெய்தேன். ஸ்டேப்ளர் பின்களைச் சூடாக்கி விரிசலுக்குக் குறுக்கே புதைத்து, அதே மூடியின் ஓரத்தில் சீவிய துண்டுகளை உருக்கி மேலே மூடினேன். பார்க்க அழகில்லை, ஆனால் உறுதி.

மின்கம்பியைத் தாங்குகிற பாகத்திலும், மிக்ஸி கப்ளர் மாதிரி வேகமாகச் சுழல்கிற பாகத்திலும் தயவுசெய்து இந்த வேலைகளைச் செய்யாதீர்கள். அவற்றை மாற்றத்தான் வேண்டும். எதைக் கழற்றுவதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

காய்கறி டிரே மட்டும் பாக்கி. அது கண்ணாடி மாதிரியான பாலிஸ்டைரீன். ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பார்த்தேன், வெள்ளையாக மங்கி நுண்விரிசல்கள் ஓடின. அதனால் அதில் துளை மட்டும் போட்டு, விரிசலின் நுனியில் மார்க்கரால் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். நான்கு மாதமாக விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.