லினக்ஸ் சர்வரில் சிபியு வேகத்தை உச்சத்திலேயே நிறுத்தலாமா?

மின்மினி:
எங்கள் டேட்டாபேஸ் சர்வரில் சிபியு வேகத்தை முடிவுசெய்யும் கவர்னரை, எப்போதும் உச்ச வேகம் கேட்கும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றிவிட்டேன். மின்சாரம் வீணாகிறது, சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும் ‘ஸ்கெட்யூட்டில்’ போதும் என்கிறார் உடன் பணிபுரிபவர். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு சிபியு உறங்கினால் மின்சாரம் மிச்சம்தானே?

தென்காற்று:
பாதிதான் சரி. சிப் தின்னும் மின்திறன் அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தை உச்சத்துக்குத் தள்ள மின்னழுத்தத்தையும் உயர்த்தியாக வேண்டும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மிக அதிக விலை கேட்கும்.

மின்மினி:
சிப்பை மட்டும் கணக்கிட்டால் எப்படி ஐயா? வேலை இழுத்துக்கொண்டே போனால் நினைவகம், மின்விசிறி எல்லாம் கூடவே விழித்திருக்கின்றனவே! சுமையைப் பார்த்து வேகத்தை மாற்றும் ‘ஆன்டிமாண்ட்’ என்ற பழைய கவர்னரிடம் பட்டது போதும். சுமை ஏறியதை அது கவனிப்பதற்குள் டேட்டாபேஸ் வினவலே முடிந்திருக்கும்.

தென்காற்று:
அது 2004-இல் வந்த கவர்னர். இடைவெளி விட்டு விட்டு மாதிரி எடுத்துப் பார்க்கும். 2016-இல் லினக்ஸ் கெர்னல் 4.7-உடன் வந்த ஸ்கெட்யூட்டில், எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் வைத்திருக்கும் சுமைக் கணக்கையே நேராக எடுத்துக்கொள்கிறது. பழையதன் பாவத்தைப் புதியதன் தலையில் கட்டாதீர்கள்.

கரிசல்காடு:
இருவரும் அதிர்வெண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். உங்கள் தாமதம், வேலையில்லாதபோது சிபியு போகும் உறக்க நிலைகளிலும் இருக்கலாம். லேசான உறக்கமான சி1-இலிருந்து எழ ஓரிரு மைக்ரோவினாடி போதும்; சர்வர் சிப்பில் ஆழ்ந்த உறக்கமான சி6-இலிருந்து எழ நூறு மைக்ரோவினாடிக்கு மேலும் ஆகலாம். பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் இந்த உறக்கத்தைத் தடுப்பதே இல்லை! தடுக்க வேண்டுமானால் ‘சிபியு டிஎம்ஏ லேட்டன்சி’ என்ற சாதனக் கோப்பைத் திறந்து, விழித்தெழும் தாமதத்துக்கான வரம்பை எழுதி, மூடாமல் வைத்திருக்க வேண்டும். மூடிய கணமே வரம்பு போய்விடும்.

மின்மினி:
அப்படியானால் ஆழ்ந்த உறக்கத்தை அடியோடு நிறுத்திவிடுகிறேன்.

கரிசல்காடு:
அவசரப்படாதீர்கள். மற்ற கோர்கள் ஆழ்ந்து உறங்கினால்தான் விழித்திருக்கும் கோருக்கு டர்போ எனும் கூடுதல் வேகம் முழுதாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் எழுப்பி வைத்தால் ஒற்றை இழையில் ஓடும் உங்கள் வினவல் முன்பைவிட மெதுவாகலாம். முதலில் ‘டர்போஸ்டாட்’ என்ற அளவிடும் கருவியை ஓட்டி, கோர்கள் சி6-இல் எவ்வளவு நேரம் கிடக்கின்றன என்று பாருங்கள்.

தென்காற்று:
சிபியு வேகத்தைக் கையாள்வது இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர்தானா என்றும் பாருங்கள். அதன் ‘ஆக்டிவ்’ நிலையில் ஸ்கெட்யூட்டில் பட்டியலிலேயே இருக்காது. அங்கே ‘பவர்சேவ்’ கவர்னர் வேகத்தை அடிமட்டத்தில் பூட்டி வைக்காது. சுமைக்கேற்ப ஏற்றி இறக்கும். அதுவே உங்களுக்குப் போதும்.

மின்மினி:
மின்கட்டணம் கட்டுவது நிர்வாகம். தாமதமானால் வசை வாங்குவது நான். உறக்கத்தில் கைவைக்கவில்லை. பெர்ஃபார்மன்ஸை மட்டும் மாற்றமாட்டேன்.