ஏஎஃப்எம்மை (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மீட்டர்) வைத்துக்கொள்வதா, கழற்றுவதா? இன்ஜின் மாற்றியவர்களின் அனுபவம்

கெப்போங் – கோரோலா எஸ்இஜி, 20 வால்வு சில்வர் டாப்

ஹாஃப் கட் (இன்ஜினோடு வெட்டி விற்கும் பழைய வண்டியின் முன்பாதி) பார்க்கப் போகிறவர்கள் கம்ப்ரஷன் எவ்வளவு, கியர்பாக்ஸில் சத்தம் வருகிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். காற்றை அளக்கும் சென்சார் எது, அதற்குச் சொந்தமான ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கூடவே வருகிறதா என்று கேட்பவர் குறைவு. காப்பார் சாலைப் பக்கம் நான் கடை கடையாக ஏறி இறங்கியபோது முதலில் பார்த்தது வயரிங்கைத்தான். பயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஓரமாக வயரைக் கத்தரித்து இறக்கிய இன்ஜின் என்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்ஜினில் தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடைக்கும். வெட்டிய வயரை ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டுவதற்குள் பொமன் (மெக்கானிக்) வெறுத்துப்போவார்.

என் வண்டியில் ஏற்றிய டொயோட்டா 20 வால்வு 4ஏஜிஇ இன்ஜின் இரண்டு வகை. 1991இல் வந்தது சில்வர் டாப், 160 குதிரைசக்தி. 1995இல் வந்தது பிளாக் டாப், 165. இரண்டிலும் சிலிண்டருக்கு ஒரு திராட்டல் (காற்றை விடும் வால்வு). ஆனால் காற்றை அளக்கும் விதமே வேறு. சில்வர் டாப்பில் ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி ஏஎஃப்எம் இருக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு தகடு. காற்று தள்ளத் தள்ளத் திறக்கும், அதோடு ஒரு முள் கார்பன் தடத்தில் நகர்ந்து ஈசியுவுக்குச் சேதி சொல்லும். பிளாக் டாப்பில் இந்தப் பெட்டியே கிடையாது. திராட்டலுக்கு அந்தப் பக்கம், இன்ஜினை ஒட்டி உள்ள அழுத்தத்தை மேப் சென்சார் படிக்கிறது. கடைக்காரர் "எல்லாம் சேம்தான் பாஸ்" என்று சொன்னாலும், ஒன்றின் ஈசியு மற்றதை ஓட்டாது.

ஏஎஃப்எம்மைக் கடையிலேயே சோதிக்கலாம். டிஜிட்டல் மீட்டர் வேண்டாம், முள் வைத்த பழைய மீட்டரை ஓம்ஸில் வைத்து, தகட்டை விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். முள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவழியில் துள்ளினால் அந்த இடத்தில் கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அது முந்தைய முதலாளி தினமும் ஓட்டிய வேகத்தில் தகடு நின்ற இடமாகவே இருக்கும்! அங்கே வரும்போதெல்லாம் வண்டி திக்கும்.

இன்ஜின் ஏறியதும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடு, டிரம்பெட் மாட்டு, ஸ்டாண்டலோன் வை." டிரம்பெட் என்றால் திராட்டல் வாயில் மாட்டும் புனல், ஸ்டாண்டலோன் என்றால் டியூனர் அமைத்துக் கொடுக்கும் தனி ஈசியு. நாலு டிரம்பெட்டும் திறந்து கிடக்கும் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? என் மைத்துனர் தன் வண்டியில் அதைத்தான் செய்தார். சிலிண்டருக்கு ஒரு திராட்டல் இருந்தால் ஐடிலில் (பெடலை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) வெற்றிடம் ஒரு நிலையில் நிற்காது. அதனால் டியூனர் மேப் சென்சாரை விட்டுவிட்டு ஆல்பா-என்னில் அமைத்தார். அதாவது திராட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்று மட்டும் பார்த்துப் பெட்ரோல் கொடுப்பது. கெப்போங்கில் அருமையாக ஓடியது. கெந்திங் மலை ஏறினோம். மேலே சுமார் 1,800 மீட்டரில் காற்றழுத்தம் 82 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், கடல்மட்டத்தில் 101. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது அந்த ஈசியுவுக்குத் தெரியவே தெரியாது. கீழே 13 காட்டிய வைட்பேண்ட் கேஜ் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுவது; எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம்) மேலே 11ஐ ஒட்டி நின்றது. பார்க்கிங்கில் அணைத்த பிறகு மறுபடி பிடிக்க மறுத்துவிட்டது. பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டை. காற்றழுத்தத்தைப் படிக்கத் தனியாக ஒரு பாரோ சென்சார் வைத்த பிறகுதான் சரியானது.

என் வண்டியில் ஏஎஃப்எம் அப்படியே இருக்கிறது. தினமும் பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போகிற வண்டி இது. டிரம்பெட் சத்தத்தை மைத்துனர் வண்டியில் கேட்டுக்கொள்கிறேன்.

ராவாங் – வீரா, 4ஜி63 டர்போ

கெப்போங் தம்பி சொல்வது டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சரி. என் கதை வேறு. மிட்சுபிஷி லான்சர் எவோ 3 வரைக்கும் வந்த 4ஜி63 இன்ஜின் புரோட்டான் வீராவில் நேராக உட்காரும் (எவோ 4இலிருந்து இன்ஜினையே திருப்பி வைத்துவிட்டார்கள், ஹாஃப் கட் வாங்கும்போது கவனம்). அதில் வருவது கார்மன் மீட்டர். காற்றில் சுழல் உண்டாக்கி, அதை எண்ணி ஹெர்ட்ஸில் சொல்லும். முகப்பில் தேன்கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் வலை உண்டு. காற்று நன்றாக வரட்டும் என்று அதை உடைத்தெடுக்கும் மகான்களையும் பார்த்திருக்கிறேன். நேராக வர வேண்டிய காற்று கலங்கி வந்தால் அது என்னத்தை எண்ணும்?

எனக்கு வந்த வினை வேறு. புளோ ஆஃப் வால்வை (திராட்டல் மூடும்போது மிஞ்சும் டர்போ காற்றை விடுவது) வெளியே ஊதும்படி மாட்டியிருந்தேன். மீட்டர் எண்ணி முடித்த காற்று வெளியே போய்விடுகிறது, ஈசியு அது உள்ளே போனதாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றுகிறது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்னால் கறுப்புப் புகை. ஒன்று வால்வைத் திரும்ப இன்டேக்குக்கே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மேப் சென்சாருக்குப் போக வேண்டும். நான் பூஸ்டையும் (டர்போ திணிக்கும் அழுத்தம்) ஏற்றுவதாக இருந்ததால் ஸ்டாண்டலோனும் 3 பார் மேப் சென்சாரும் போட்டேன். 3 பார் என்றால் 3 பார் பூஸ்ட் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளிக்காற்று 1 பார் அதில் சேர்த்தி. பூஸ்டுக்கு மிஞ்சுவது 2 பார்தான். டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் மேடை) உட்கார்ந்து ஈசியுவுக்குப் பெட்ரோல் கணக்கு எழுதத் தெரிந்த டியூனர் கிடைக்காவிட்டால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

பட்டர்வொர்த் – சிவிக் இஜி, பி16ஏ

ஹோண்டாவில் ஏஎஃப்எம் பேச்சே இல்லை, மேப்தான். பி30 ஈசியுவில் சிப் வைத்து ஓட்டுகிறேன். பூட்டிய நாள் முதல் ஒரு தொல்லை: பினாங்கு பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து போனால் ஐடில் ஏறி இறங்கும், காலை எடுத்தால் அணையப் பார்க்கும். மேப் சென்சாரை மாற்றினேன், வேக்கம் லீக் (காற்றுக் கசிவு) தேடினேன், ஒன்றுமில்லை. லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தால் வெளியே 32 டிகிரி, உள்ளே போகும் காற்று 60க்கு மேல் என்று காட்டுகிறது. காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் அலுமினிய மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) பதிந்திருக்கிறது. அது இரும்புச் சட்டி மாதிரி காய்ந்துபோய் தன் சூட்டையே சொல்லிக்கொண்டிருந்தது. சூடான காற்று லேசானது என்று நம்பி ஈசியு பெட்ரோலைக் குறைத்துவிட்டது. சென்சாரைத் திராட்டலுக்கு முன்னால் உள்ள குழாய்க்கு மாற்றி, டியூனரிடம் ஒருமுறை சரிபார்த்தபின் பாலத்தில் நிம்மதி. மேப் வைத்து ஓட்டுகிறவர்கள் அழுத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள்; பாதிக் கணக்கு இந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

செந்தூல் – செஃபிரோ ஏ31, ஆர்பி20டிஇடி

ஹாட் வயர் மீட்டர் (சூடான கம்பியால் காற்றை அளப்பது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் பூசும் வகை ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயைத் தாராளமாக அடிக்காதீர்கள். அது பறந்து போய் கம்பியில் படியும். அளவு குறைவாகக் காட்டும், வண்டி லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும். கம்பியைச் சுத்தம் செய்ய அதற்கென்று விற்கும் ஸ்பிரே உண்டு, துணியால் துடைக்கவே கூடாது. அப்புறம், இஸட்32 (நிசான் 300இஸட்எக்ஸ்) மீட்டர் பெரிது என்று வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ஈசியுவுக்குள் அதன் அளவையும் எழுத வேண்டும்.

கெப்போங் – கோரோலா எஸ்இஜி

பட்டர்வொர்த் நண்பர் சொன்னதை மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன், அவர் வண்டியிலும் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி. இன்னொன்று: புஸ்பாகோமில் (வாகனப் பரிசோதனை மையம்) காட்டி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) புது இன்ஜின் நம்பரை ஏற்றிவிட்டு மற்ற விளையாட்டுகளைத் தொடங்குங்கள். நம்பர் பொருந்தாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸிடம் பேச வாயே இருக்காது.

ராவாங் அண்ணே, கழற்றிய கார்மன் மீட்டரை இன்னும் விற்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். ஈப்போவில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார். வலை உடையாமல் இருக்க வேண்டும், கனெக்டரோடு ஒரு ஜாண் வயரும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.